இருநூற்றுப் பன்னிரண்டாவது வழிச்சீட்டு

எங்கள் ஊருக்கு 1911 ஜூன் மாதம் பாரிஸிலிருந்து ஒரு பட்டம் வந்தது: இரண்டாம் மண்டலம். அதற்கு முன் மூன்று வருடங்களாக நாங்கள் ஷாம்பேனே இல்லை என்று சொல்லிவந்தார்கள். வடக்கே மார்ன் மாவட்டத்தில் விளைவதுதான் ஷாம்பேனாம், தெற்கே ஓப் மாவட்டத்தில் நாங்கள் பிழிவது ஏதோ திராட்சைத் தண்ணீராம். இந்த வசந்தத்தில் பொறுமை போய்விட்டது. எங்கள் வோஷார்மிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு த்ருவா நகரம் வரைக்கும் போனார்கள். வரிக் காகிதங்களைத் தேவாலயத்துக்கு முன்னால் குவித்துக் கொளுத்தினார்கள். எங்கள் மேயர் ஃபிர்மேன் பதவியே வேண்டாம் என்று மூவண்ணப் பட்டியைக் கழற்றி மேசைமேல் வீசிவிட்டு வீட்டுக்குப் போனார். கடைசியில் மந்திரிகள் கூடி யோசித்துத் தீர்ப்பு சொன்னார்கள். நீங்களும் ஷாம்பேன்தான், ஆனால் பெயரோடு ‘இரண்டாம் மண்டலம்’ என்று சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். விருந்துக்கு வரலாம், ஆனால் கொல்லைப்புறமாக வந்து கடைசிப் பந்தியில் உட்காரலாம் என்று அர்த்தம்.

ஊரில் எல்லோருக்கும் வயிறு எரிந்தது. எனக்குக் கூடுதலாகவே எரிந்தது, ஏனென்றால் அந்த இரண்டு வார்த்தைகளை எழுத வேண்டிய கை என்னுடையது.

என் பெயர் ஸெலி மொர்லே. பாலத்துக்கு எதிரே உள்ள புகையிலைக் கடை என்னுடையது. சரியாகச் சொன்னால் அரசாங்கத்துடையது. என் கணவர் பட்டாளத்தோடு மடகாஸ்கருக்குப் போய் அங்கே காய்ச்சலில் இறந்தார். அவருக்குப் பதிலாக இந்தக் கடையைக் கொடுத்தார்கள். கீழே புகையிலை, தீப்பெட்டி, தபால்தலை. மேலே நான் படுக்கும் அறை. இதே மேசையில் உட்கார்ந்து ஒயினுக்கு வழிச்சீட்டும் நான்தான் எழுதித் தர வேண்டும். பீப்பாயோ பாட்டிலோ, வீட்டு வாசலைத் தாண்டிப் பொதுச் சாலைக்கு வந்தால் அதன் கூடவே ஒரு சீட்டு வர வேண்டும்: யார் அனுப்புகிறார், யாருக்கு, எவ்வளவு, என்ன வகை, எத்தனை மணிக்குள் போய்ச் சேரும். எடுத்துப் போகிறவர் அடிக்கட்டையில் கையெழுத்துப் போடுவார். சீட்டைக் கிழித்து அவரிடம் கொடுப்பேன், அடிக்கட்டை பதிவேட்டிலேயே இருக்கும். பதினாறு வருடமாக இதுதான் வேலை.

அதனால் ஊரில் எனக்கு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது. ஏப்ரலில் காகிதம் கொளுத்த வந்தவர்கள் என் கடைக்கும் வந்து ஒயின் பதிவேடுகளைக் கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்று கதவுக்குக் குறுக்கே நின்றேன். ‘அரசாங்கத்துப் பொம்பளை’ என்று அன்றைக்குப் பெயர் வைத்தார்கள். சலவை செய்கிற குளோதில்த் என் வாசற்படியில் துப்பினாள்; மறுநாள் வந்து மூக்குப்பொடி வாங்கிக்கொண்டு போனாள். நான் ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் வழக்கே அந்தப் பதிவேடுகளில்தான் இருந்தது. வோஷார்மிலிருந்து பீப்பாய் பீப்பாயாக எங்கே போயிற்று என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எபெர்னேவுக்கு, ரேன்ஸுக்கு, மார்ன் வியாபாரிகளின் நிலவறைகளுக்கு. வகை: ஷாம்பேன் ஒயின். மழையால் அவர்களுடைய ஒயின் மெலிந்து புளித்த வருடங்களில் அதற்குச் சதைப்பிடிப்பைக் கொடுத்தது எங்கள் ஒயின். கலந்து விற்றுக் காசு பார்த்துவிட்டு, இப்போது எங்கள் பெயரைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறார்கள்.

ஜூன் கடைசியில் த்ருவா அலுவலகத்திலிருந்து புதுப் பதிவேடு ஒன்றும் சுற்றறிக்கை ஒன்றும் வந்தன. இனிமேல் வகை என்ற கட்டத்தில் ‘ஷாம்பேன், இரண்டாம் மண்டலம்’ என்று முழுமையாக எழுத வேண்டும். விட்டால் வேலை பறிபோகும். வேலை போனால் கடை போகும், கடையோடு மேலே உள்ள அறையும் போகும்.

புதுப் பதிவேட்டின் முதல் சீட்டுக்கு வந்தவன் அந்தெல்ம், என் கணவரின் தம்பி. ஊரில் மற்றவர்கள் ஒயினைப் பீப்பாயோடு விற்றுவிடுவார்கள். நுரைக்கிற ஒயினைத் தன் கையாலேயே செய்கிறவன் அவன் ஒருவன்தான். வசந்தத்தில் பாட்டிலுக்குள் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு அடைத்துவிடுவான். உள்ளேயே மறுபடி பொங்கி, வெளியேற வழியில்லாமல் காற்று ஒயினுக்குள் அடங்கிப்போகும். இரண்டு வருடம் நிலவறையில் கிடக்கும். பிறகு பலகையில் தலைகீழாகச் செருகி, தினமும் ஒவ்வொரு பாட்டிலையும் கையால் கொஞ்சம் திருப்புவான். கசடு முழுவதும் கழுத்துக்கு இறங்கியதும் ஒரு நொடியில் திறந்து அதை மட்டும் பீய்ச்சி அடிக்கவிட்டு, குறைந்ததை நிரப்பி, தக்கையை அடித்துக் கம்பியால் கட்டிவிடுவான். ஒரு மே மாதம் புழுக்கம் தாங்காமல் இரும்பு முகமூடியைக் கழற்றி ஆணியில் மாட்டிய சமயத்தில் தோளுக்குப் பக்கத்தில் இருந்த பாட்டில் வெடித்தது. இடது கண் போய்விட்டது.

“அண்ணி, பன்னெண்டு பாட்டில். பார்-சூர்-சேன்ல நோட்டரி வீட்டுக் கல்யாணத்துக்கு” என்றான்.

“எப்பக் கிளம்புற?”

“நீங்க எழுதி முடிச்ச உடனே. என்னன்னு எழுதப் போறீங்க?”

சுற்றறிக்கையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். இருக்கிற கண்ணால் இரண்டு தடவை படித்தான்.

“போன கண்ணு எந்த மண்டலத்துக் கண்ணு, அண்ணி? போறப்ப யாரும் கேக்கலியே.”

அவன் கண்ணைப் பார்த்து மனம் இளகி எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கே சொந்தமாகக் கோபம் இருந்தது. பதினாறு வருடம் அதே கட்டத்தில் அதே வார்த்தையை எழுதியபோது அது உண்மையாக இருந்தது. பாரிஸில் எவனோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து எழுதியதால் என் பதினாறு வருடம் பொய்யாகிவிடுமா? பேனாவை மையில் தொட்டு ‘ஷாம்பேன்’ என்று எழுதி நிறுத்தினேன்.

“மிச்சத்தை எழுதலியா?”

“எவ்வளவு எழுதணுமோ அவ்வளவு எழுதியாச்சு.”

“கடை போயிடும், அண்ணி.”

“உன் கண்ணே போச்சு. சீட்டுக் காசு ரெண்டு சூ எடு.”

அவன் வாயை மூடிக்கொண்டு போயிருப்பான் என்று நான் எதிர்பார்த்தது என் தப்பு. மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வாசலில் ஏழு பேர். ஆளுக்கு ஒரு பாட்டில், எல்லாம் அந்தெல்மிடம் வாங்கியது. முதல் ஆள் ஃபிர்மேன்.

“ஒரு பாட்டில். லோஷ்ல இருக்கற என் தங்கச்சிக்கு.”

“உங்களுக்கும் தங்கச்சிக்கும் எட்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லையே?”

“பேசப் போறது யாரு? பாட்டில்தானே போகுது.”

சீட்டை வாங்கி, வகைக் கட்டத்தில் இருந்த ஒற்றை வார்த்தையை, மேயராக இருந்தபோது அறிவிப்புப் படிக்கிற அதே குரலில் தெரு முழுவதும் கேட்கும்படி படித்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் வைத்து இரண்டு தடவை தட்டிக்கொண்டார்.

மூன்றாவதாக நின்றவள் குளோதில்த்.

“ஒரு பாட்டில். எஸ்ஸுவா ஊர் கல்லறைத் தோட்டத்துக்கு.”

“பெறுபவர்?”

“என் புருஷன்.”

“அவர் செத்து நாலு வருஷம் ஆச்சேடி.”

“உசுரோட இருந்தப்போ ஒரு பாட்டில் குறைஞ்சா சும்மா இருந்தானா அந்த மனுஷன்? எழுதுங்க.”

விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெறுபவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தேன். வாசல் வரை போனவள் திரும்பிப் படியைப் பார்த்தாள்.

“ஏப்ரல்ல இங்க நான்…”

“அன்னைக்கே தண்ணி விட்டுக் கழுவிட்டேன். போ, நேரமாகுது. பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும்னு போட்டிருக்கேன்.”

இப்படித்தான் ஆரம்பித்தது. பாதிரியார் ஆயருக்கு ஒன்று அனுப்பினார். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தங்கள், பல வருடம் முன்பு கல்யாணமாகிப் போன பெண்கள், பட்டாளத்தில் இருக்கிற பிள்ளைகள், எல்லோருக்கும் வோஷார்மிலிருந்து பாட்டில் போயிற்று. நான்காம் நாள் அந்தெல்மிடம் தயாராக இருந்த பாட்டில்கள் தீர்ந்தன. அதற்காகப் பயணம் நிற்கவில்லை. லோஷுக்குப் போன பாட்டில் மறுநாள் லோஷிலிருந்து திரும்பி வந்தது. அங்கே சீட்டு எழுதுகிறவர் பயந்தாங்கொள்ளி. வந்த சீட்டில் என்ன வகையோ அதையே திருப்பி எழுதுவது விதி என்று எழுதித் தொலைத்துவிட்டார். பச்சை மெழுகு வைத்த ஒரு பாட்டில் ஏழு தடவை போய் வந்தது.

“அதை மட்டும் யாரும் திறக்காதீங்க, தக்கை கோயில் மணியில போய் அடிக்கும்” என்று அந்தெல்ம் புலம்பினான்.

கூட்டம் இருக்கும்போது எனக்கு வீராப்புக்குக் குறைச்சல் இல்லை. மதியத்தில் கடை வெறிச்சோடிக் கிடக்கும்போதுதான் பயம் வரும். நாற்பத்து மூன்று வயதில் இந்தக் கடையை விட்டால் குளோதில்த்தோடு ஆற்றங்கரையில் துணி அடிக்கத்தான் போக வேண்டும். அடுத்த ஆள் வந்து பாட்டிலை மேசைமேல் வைத்ததும் மறுபடி அதே ஒற்றை வார்த்தையை எழுதுவேன்.

பத்தாம் நாள் காலை த்ருவாவிலிருந்து குதிரை வண்டி வந்தது. வரித்துறை ஆய்வாளர் முஸ்யே பெர்திரிஸே. இருபத்திரண்டு வருட வேலை, ஒரு கறை கிடையாது. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு இரண்டு பாட்டிலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு போன ஃபிர்மேனுக்கு, அவர் மேயராக இருந்தபோதே, அபராதம் போட்டவர். வீடு மாறிப் போனபோது சமையலறையில் பாதி காலியாக இருந்த பாட்டிலுக்குக்கூடத் தானே வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு போனவர். கூட ஒரு காவலனையும் அழைத்து வந்திருந்தார். ஊருக்குள் நுழைந்ததும் அவனைப் பாலத்தில் இறக்கிவிட்டு உத்தரவு போட்டார்.

“சீட்டு இல்லாம ஒரு பாட்டில் இந்தப் பாலத்தைத் தாண்டக் கூடாது. யாரா இருந்தாலும் நிறுத்து. என்ன எழுதியிருக்குன்னு முழுசாப் படி. கடைசி ரெண்டு வார்த்தை இருக்கான்னு பாரு.”

கடைக்குள் வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதிவேட்டைக் கேட்டார். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். வாசலிலும் ஜன்னலிலும் ஊர் கூடிவிட்டது. பக்கம் திரும்பத் திரும்ப அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“இருநூத்திப் பதினொண்ணு. பத்து நாள்ல” என்றார். “போன வருஷம் பூராவும் நீங்க இவ்வளவு எழுதலை, மதாம்.”

“போன வருஷம் கொடியில ஒண்ணுமே காய்க்கலை, முஸ்யே.”

“காலஞ்சென்ற எதியென் புரூவோ. இவர் யாரு?”

“குளோதில்த்தோட வீட்டுக்காரர்.”

“சரக்கு போய்ச் சேர்ந்துதா?”

“இதுவரைக்கும் அவர்கிட்டேருந்து புகார் ஒண்ணும் வரலை.”

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

“சுற்றறிக்கை உங்களுக்கு வந்துதா இல்லையா?”

“வந்தது. படிச்சேன். நீங்க இதையும் ஒரு தடவை படிங்க.” அலமாரியிலிருந்து 1898ஆம் வருடப் பதிவேட்டை எடுத்து அவர் முன்னால் போட்டேன். தூசி கிளம்பி அவர் கோட்டில் படிந்தது. “அக்டோபர் மாசம். முந்நூறு பீப்பாய், எபெர்னேவுக்கு. வகையைப் படிங்க.”

படித்தார், ஆனால் வாய்விட்டுப் படிக்கவில்லை.

“அப்ப சட்டம் வேற, மதாம்.”

“மண்ணு அதேதான். கொடி அதேதான். வாங்கிக் குடிச்சவங்க வாயும் அதே வாய்தான். சட்டம் மட்டும் எப்படி மாறிச்சு?”

“நான் மண்ணைப் பார்க்க வரலை. கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு பார்க்க வந்தேன்.”

சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“நான் சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுக்காரர் நாட்டுக்காகச் செத்தவர். உங்களைத் தெருவுல நிறுத்துறதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இருநூத்திப் பதினொண்ணுலயும் அந்த ரெண்டு வார்த்தையைச் சேர்த்து எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. மறதியில விட்டுப் போச்சுன்னு நான் எழுதிக்கறேன். பன்னெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். எழுதலைன்னா பதிவேட்டைக் கையோட எடுத்துட்டுப் போறேன். ஜூலை பதினாலாம் தேதி திருவிழாவுக்குள்ள இந்த நாற்காலியில வேற ஆள் இருப்பார்.”

கடிகாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்தரை மணி.

பயமாக இருந்தது. பேனாவை எடுத்து மையில் தொட்டு முதல் பக்கத்தைத் திறந்தேன். நோட்டரி வீட்டுக் கல்யாணம், பன்னிரண்டு பாட்டில், ஷாம்பேன். அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் கட்டத்தில் இடம் மிச்சம் இருந்தது. இரண்டு வார்த்தைதானே, எழுதிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திப் படுத்துவிடலாமே என்று தோன்றியதும் உண்மை. ஜன்னலில் அந்தெல்ம் நின்றான். அவன் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டான். எனக்குக் கோபம் கிளம்பியது அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான். எங்களை அவமானப்படுத்துவதற்கு நானே என் கையால் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

‘ஷாம்பேன்’ என்ற வார்த்தையின் கடைசி எழுத்திலிருந்து கட்டத்தின் ஓரம் வரைக்கும் அழுத்தமாக ஒரு கோடு போட்டேன். இனி அங்கே யாரும் ஒன்றும் எழுத முடியாது. அடுத்த சீட்டுக்கும் போட்டேன். அதற்கு அடுத்ததற்கும். பயம் மூன்றாவது கோட்டில் போய்விட்டது.

அவர் சொன்னபடி நான் எழுதுகிறேன் என்று முதலில் நினைத்துக்கொண்டார். பதினோராவது கோட்டில்தான் எட்டிப் பார்த்தார்.

“என்ன பண்றீங்க, மதாம்?”

“காலி இடத்தை அடைக்கறேன், முஸ்யே. பின்னால யாராவது எதையாவது செருகிடப் போறாங்க.”

எழுந்து என் கைக்கு அடியிலிருந்து பதிவேட்டை உருவினார். மை இன்னும் காயவில்லை. மூடாமல் ஒரு நிமிடம் ஊதினார். அந்தக் கோபத்திலும் ஊதினார். பிறகு மூடித் தோல் பையில் வைத்தார்.

“முடிஞ்சுது. பதினாலாம் தேதிக்குள்ள கடிதம் வரும். சாவியைத் தயாரா வச்சுக்குங்க” என்றார். வாசலைப் பார்த்து, “இந்த ஒயினைச் செய்யறவர் யாரு? மாதிரிக்கு ஒரு பாட்டில் வேணும்” என்றார்.

அந்தெல்ம் போய், ஊர் சுற்றித் திரும்பி வந்திருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். பெர்திரிஸே அதன் கழுத்தில் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். ஒரு கையில் பை, ஒரு கையில் பாட்டில். கூட்டம் விலகி வழி விட்டது. பதினாறு வருடமாக உட்கார்ந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் நின்றார். கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவரைத் திருப்பி உள்ளே அழைத்து வந்தது. பாட்டிலை மேசைமேல் வைத்தார். பையைத் திறந்து பதிவேட்டைத் தன் கையாலேயே எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார்.

“ஒரு சீட்டுப் போடுங்க. அனுப்புறவர் அந்தெல்ம் மொர்லே. பெறுறவர் வரி அலுவலகம், த்ருவா. ஒரு பாட்டில். மாலை ஆறு மணிக்குள்ள.”

நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று இப்போது ஊரில் கதை கட்டுகிறார்கள். இல்லை. அவர் வகையைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து நாளாகப் போன வழியில் கை தானாகப் போயிற்று. எழுதினேன், பக்கத்தில் கோடும் போட்டேன். அடிக்கட்டையை அவர் பக்கம் திருப்பினேன். பேனாவை வாங்கினார், கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே பதவியையும் எழுதினார். இரண்டு சூ நாணயத்தை எண்ணி வைத்தார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவர் சீட்டை மடிக்கும்போது தேதி சரியாக இருக்கிறதா என்று, அதுவும் பழக்கத்தில்தான், ஒரு தடவை பார்த்தார். கண் தேதியிலிருந்து கீழே இறங்கியது. பிறகு பதிவேட்டைப் பார்த்தார்.

ஃபிர்மேன் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“எண் இருநூத்திப் பன்னெண்டு, முஸ்யே. என்னோடது ரெண்டு. நாம ரெண்டு பேரும் ஒரே புத்தகத்துல வந்துட்டோம்.”

“இதை நீங்க வேணும்னே செஞ்சீங்களா?” என்று பெர்திரிஸே என்னைக் கேட்டார்.

“சீட்டு வேணும்னு நான் சொல்லலியே, முஸ்யே.”

அவர் நிலைமை எனக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. பக்கத்தைக் கிழிக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் எண் இருக்கிறது, நீதிபதியின் சுருக்கொப்பம் இருக்கிறது, ஒரு பக்கம் குறைந்தால் சிறை. அடித்துத் திருத்த முடியாது. திருத்தத்துக்கும் அவரே கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே எடுத்துப் போய் மேலதிகாரி முன்னால் வைத்தால், எனக்கு எதிரான சாட்சியத்தில் கடைசியாக, ஒரு பாட்டில் ஷாம்பேனுக்கு வழிச்சீட்டு வாங்கிய குற்றவாளியாக அவர் பெயரும் பதவியும் இருக்கும். த்ருவா அலுவலகம் ஓய்வு பெறும்வரை அவரைப் பார்த்துச் சிரிக்கும்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு பதிவேட்டை மூடி, விரல் நுனியால் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

“இந்தப் புத்தகம் நிறையறதுக்கு இன்னும் எவ்வளவு பக்கம் இருக்கு?”

“பாதி இருக்கு, முஸ்யே.”

“நிறைஞ்சதும் அலமாரியில மத்ததோட வச்சிருங்க. நான் பார்க்கலை.”

மகிழ்ச்சியில் குதித்தேன் என்று சொல்ல முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கடை என் கையில் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் நான் எழுதியதை யாரும் அழிக்கவில்லை.

பாட்டிலை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சீட்டு வாங்கிய சரக்கு போய்ச் சேராவிட்டால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும். அதனால் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். நாங்கள் எல்லோரும் தெருவுக்கு வந்தோம். பாலத்தில் காவலன் கையை நீட்டி வண்டியை நிறுத்தினான்.

“சீட்டு, முஸ்யே.”

“நான் யாருன்னு தெரியலியா?”

“தெரியும் முஸ்யே. யாரா இருந்தாலும் நிறுத்தச் சொன்னீங்க.”

பெர்திரிஸே சீட்டை நீட்டினார். காவலன் அதிகம் படித்தவன் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் விரலை வைத்து, வாய்விட்டு, முழுசாகப் படித்தான். அனுப்புபவர். பெறுபவர். ஒரு பாட்டில். வகை, ஷாம்பேன். அங்கே நிறுத்திச் சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.

“இவ்வளவுதானா முஸ்யே? இன்னும் ஏதோ ரெண்டு வார்த்தை இருக்கணும்னு காலையில சொன்னீங்களே. இது சரியான சீட்டா?”

தப்பான சீட்டு என்றால் பாட்டில் பாலத்தைத் தாண்டாது; கொண்டுபோகிறவருக்கு அபராதம். அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். அறுபது எழுபது பேர், யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காது கொடுத்துக் காத்திருந்தோம்.

“சரியான சீட்டுதான்” என்றார் பெர்திரிஸே. அவன் இன்னும் வழி விடாமல் நின்றதால் சத்தமாகவே சொன்னார். “ஷாம்பேன். அவ்வளவுதான். வழி விடு.”